'தேன்' மட்டும் போதாது



ஆங்கிலம் படிப்பிக்கும் எங்களுக்கு நன்றாகப் பழகிய வசனம்: "ஹீ இஸ் பிக் தேன் மீ". உடனே பிள்ளைக்கு "இங்கிலிஷ் ஏறாது" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பிள்ளை தமிழ்படி சரியாகத்தான் யோசித்திருக்கிறது. தமிழில் 'என்னைவிட' என்றாலே ஒப்பீடு முடிந்தது. 'பெரிய' என்ற சொல் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் 'தேன்' மட்டும் போதாது, 'பிக்'கும் 'பிக்கர்' ஆக வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு இது புதுசும் இல்லை. அரபியிலும் சொல்லே மாறுகிறது: கபீர், அக்பர், ஸகீர், அஸ்கர். (இந்தப் பெயர்களில் வகுப்பிலேயே ஆள் இருக்கும்!) 'விட' என்பதற்கு அங்கே 'மின்', இங்கே 'தேன்'. ஐந்து நேரமும் பாங்கில் கேட்கிற சொல்லிலிருந்து தொடங்கினால் கடைசி வாங்கில் இருக்கிறவரும் பிடித்துக்கொள்கிறார்.

பிறகு வருவது 'மோர் பிக்கர்'. இரண்டில் ஒன்று போதும்; 'பியூட்டிஃபுல்' மாதிரி நீளமான சொற்களுக்குத்தான் 'மோர்'. ஷேக்ஸ்பியரும் இப்படி இரட்டிப்பாக எழுதியவர்தான். ஆனால் அவர் ஓஎல் எழுதவில்லையே.