காத்துக்கு யார் கணக்கு எழுதறது?

பட்டுக்கோட்டைப் பக்கம் போனால் இன்னமும் யாராவது ஒருத்தர், "அது கஜாவுக்கு முன்னாடி", "இது கஜாவுக்குப் பின்னாடி" என்றுதான் தேதி சொல்கிறார். 2018 நவம்பர் 16 விடியற்காலை, வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், இங்கே தென்னந்தோப்புகளைத் தலைவாரிய மாதிரி சாய்த்துவிட்டுப் போனது.

அந்த வட்டாரத்து மைதானம் ஒன்றில் கிரிக்கெட் ஸ்கோர் போர்டு நடுகிறார்கள் என்று நண்பர் கூப்பிட, போனேன். பதினாறடி அகலம், எட்டடி உயரம். இரும்புத் தகடு. நம்பர் பிளேட்டைக் கொக்கியில் மாட்டுகிற பழைய டைப். ஸ்கோருக்கு ஒரு மூலை. மீதி முழுக்க நகைக்கடை விளம்பரம். (ரன் எத்தனை என்று பார்க்க பைனாகுலர் வேண்டும். சேதாரம் எத்தனை பர்சென்ட் என்பது பஸ்ஸிலிருந்தே தெரியும்!)

நாலு தூணுக்கும் மூணடிக் குழி போதும் என்றது கமிட்டி. "ஆறடி" என்றார் கொத்தனார்.

"என்னண்ணே, போர்டே மொத்தம் இருநூறு கிலோதானே?"

"தம்பி, தென்னைக்கு எத்தனை வேரு? அதுவே படுத்துருச்சு. இதுக்கு நாலு காலுதான்."

நான் பி.காம். துண்டுக் காகிதம் கிடைத்தால் கை சும்மா இருக்காது. கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875, சென்னைக்கு வைத்திருக்கும் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அதையே இங்கேயும் வைத்துக்கொள்வோம். 50-ஐ 50-ஆல் பெருக்கி, 0.6-ஆலும் பெருக்கினால், சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன். நம்ம பாஷையில் சுமார் 150 கிலோ. போர்டு 12 சதுர மீட்டர். ஆக, கீழே அழுத்துவது 200 கிலோ. பக்கவாட்டில் நெட்டுவது 1800! வேகம் ரெண்டு மடங்கானால் தள்ளல் நாலு மடங்கு. விளம்பரம் அகல அகல இந்த வரியும் ஏறும். ஸ்பான்சர் கொடுத்த பணத்தில் அது சேரவே இல்லை.

கமிட்டி முணுமுணுத்தது. கொத்தனார் மைதானத்தைக் காட்டினார். ஓரத்துத் தென்னைகள் போனபிறகு பொட்டு நிழல் கிடையாது. நாளைக்குப் பொடிப்பசங்க வந்து உட்காரப்போவது இந்தப் போர்டு நிழலில்தான்.

ஆறடியே முடிவாயிற்று. விளம்பரத்தில் நாலடி வெட்டு. நகைக்கடைக்காரர் முகம் வாடியது நிஜம்.

மணல் கலந்த மண். தோண்டத் தோண்டச் சரிந்தது. பலகை கொடுத்துத் தோண்டினார்கள். கம்பி கட்டி, தூக்குக்குண்டு பிடித்து, கான்கிரீட் போட்டு, ஈரச் சாக்கு சுற்றி ஏழு நாள் தண்ணீர். அதுவரை போர்டைக் கிட்டேகூடக் கொண்டுவர விடவில்லை மனுஷர்.

போர்டு மேற்கே பார்த்தால் சாயங்கால வெயில் தகட்டில் பட்டுக் கண் கூசும் என்று ஒரு பெரியவர் சொல்ல, வடக்கே திருப்பினார்கள்.

வெல்டிங் கூடாது, நட்டு போல்ட்டுதான் என்றார் கொத்தனார். புயல் எச்சரிக்கை வந்தால் தகட்டைக் கழற்றி இறக்கிவிடலாம். வெறும் தூணில் காற்றுக்குப் பிடி அதிகம் கிடைக்காது. சரி, ஸ்பேனர் யார்கிட்ட? செயலாளர் வீட்டில். அவரோ பாதி நாள் திருச்சியில்! இன்னொன்று வாங்கி டீக்கடை கல்லா பக்கத்தில் மாட்டச் சொன்னார்கள். கடைக்காரர் ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மாட்டிக்கிறேன். போர்டுல நம்ம கடை பேரு எந்தப் பக்கம் வரும்?"