பெயரில்லாத மாடல்கள்

சேலத்துக் கொலுசு என்றதும் செவ்வாய்ப்பேட்டையைத்தான் சொல்வார்கள். கடைகள் அங்கே இருப்பது உண்மை. செய்கிற கைகள் அங்கே மட்டும் இல்லை. சிவதாபுரம், பனங்காடு, பள்ளப்பட்டி என்று நகரைச் சுற்றி வீடு வீடாகப் பிரிந்து கிடக்கிற தொழில் இது. ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொன்றில் சலங்கை மட்டும், வேறொன்றில் பற்றவைப்பு மட்டும். ஒரு ஜோடி கொலுசு காலில் ஏறுவதற்குள் பல வீட்டு வாசற்படி ஏறி இறங்கிவிடும்.

நான் தேடிப் போனது மாடல் போடுகிறவரை. அயோத்தியாப்பட்டணத்தில் ஆத்தூர் சாலையும் அரூர் சாலையும் பிரிகிற இடத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் அவர் வீடு. திண்ணையை அடைத்துக் கட்டியதுதான் பட்டறை. அறுபதைத் தாண்டிய மனிதர். பெயரைப் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். “போட்டா வியாபாரி சங்கடப்படுவாருங்க தம்பி. மாடல் அவரோடதுன்னுதான் மார்க்கெட்டுல பேரு.”

காகிதத்தில் அவர் வரைவதில்லை. மெல்லிய வெள்ளிக் கம்பி இரண்டைச் சேர்த்து முறுக்கினார். முறுக்க முறுக்கக் கம்பி விறைக்கும். அடுப்பில் காட்டி, மங்கலாகச் சிவந்ததும் தண்ணீரில் விட்டு இளக்கினார். பிறகு உருளை மிஷினில் ஒருமுறை கொடுத்து எடுத்தார். உருண்டைக் கம்பி தட்டையாகி, மேலே சாய்வுக் கோடுகள் ஓடின. வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு கோடும் தனியாக மின்னுகிறது. “எடை ஏறல, அகலம் ஏறிடுச்சு, பாத்தீங்களா?” என்றார். அந்தத் தொழில் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. குறைந்த வெள்ளியில் நிறைந்த கொலுசாகத் தெரிய வேண்டும். 2025 தொடக்கத்தில் கிலோ 1 லட்சம் ரூபாயை ஒட்டியிருந்த வெள்ளி, அந்த ஆண்டு முடிவதற்குள் 2 லட்சத்தைத் தாண்டியது. வாங்குகிறவர் கையிலிருக்கும் பணம் அப்படி ஏறவில்லை. அந்த இடைவெளியை அடைப்பது இவர் மூளைதான்.

பற்றவைப்பு மருமகளின் வேலை. இணைப்பில் வெண்காரம் தடவி, பற்றுப்பொடி தூவி, கேஸ் நெருப்பைக் காட்டுகிறார். வெள்ளி உருகுவது சுமார் 962 டிகிரி செல்சியஸில். செம்பு கலந்தால் அதற்கும் கீழே. பொடி அதற்கு முன்பே இளகி ஓட வேண்டும், வளையம் இளகக் கூடாது. இரண்டுக்கும் நடுவே கிடைப்பது கண் சிமிட்டும் நேரம். பொடி பளிச்சென்று மின்னி இணைப்புக்குள் இறங்கியதும் நெருப்பை விலக்கிவிட்டார். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். “நிறமே சொல்லுமுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வளையத்துக்குப் போய்விட்டார். புகை போக ஒரு ஜன்னல் மட்டும். முகக்கவசம் ஆணியில் தொங்கியது. இதைப் பார்த்துவிட்டுக் கலை, கைவண்ணம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

மாடல் எங்கிருந்து வருகிறது? ஊரின் கோதண்டராமர் கோயிலைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமர் பட்டாபிஷேகக் கோலம் காட்டிய இடம் இது, அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்பது ஐதீகம். நாயக்கர் காலத் தூண்களில் சிற்பங்கள் நிறைந்திருக்கின்றன. அவரும் கோயிலைச் சொன்னார், ஆனால் சிற்பங்களின் முகங்களை அல்ல. கால்களை. எந்தச் சிலையில் தண்டை கணுக்காலுக்கு மேலே நிற்கிறது, எதில் பாதத்தின் மேல் சரிந்து விழுகிறது என்று அவருக்கு மனப்பாடம். சரிந்து விழும் வளைவை எடுத்துத்தான் நடுவில் அகலமும் கொக்கிப் பக்கம் ஒடுக்கமுமாக ஒரு மாடல் போட்டாராம். நன்றாக ஓடியதாம்.

மற்றவை இன்னும் சாதாரணமானவை. மல்லிகை அரும்பு, கோலத்தின் சிக்கு, கல்யாணப் பத்திரிகையின் ஓரக்கரை. மருமகள் நிமிராமலேயே குறுக்கிட்டார்: “சேலைக் கொசுவத்துல மாட்டாத மாடல் ஒண்ணு நான் சொன்னது, மாமா.” வெளியே நீட்டிக்கொண்டிருந்த அரும்பை உள்பக்கம் மடக்கச் சொன்னது அவர். பள்ளிக்கூடத்தில் சத்தம் வரக் கூடாது என்று சொல்கிறார்களாம். அதனால் சலங்கையில்லாத கொலுசுக்கும் தேவை இருக்கிறது. போட்டு நடக்கிறவர்களுக்குத்தான் இதெல்லாம் தோன்றும்.

சலங்கை என்பது இரண்டு மெல்லிய கிண்ணங்களைச் சேர்த்து, உள்ளே குண்டு விட்டு மூடியது. தகட்டின் கனத்துக்கும் வாய்ப்பிளவின் அகலத்துக்கும் ஏற்ப ஒலி மாறும். சிலம்புக்குள் பரல் போட்ட காலத்திலிருந்து முறை ஒன்றுதான். கண்ணகி சிலம்பில் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவி சிலம்பில் முத்து. அந்தக் கதையைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார். “அதுலயும் திருட்டுப்பழி எங்க ஆசாரி மேலதானுங்களே!” இளங்கோவடிகள் சார்பில் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

திருட்டு இப்போது வேறு திசையில் நடக்கிறது. ஒரு மாடல் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதைப் பார்த்து இன்னொரு பட்டறையில் போட்டுவிடுகிறார்கள். ஆக்ரா, ராஜ்கோட் சரக்கோடும் போட்டி. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் 10 ஆண்டு உரிமை உண்டு. மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். சொன்னேன். “பதிஞ்சு முடிக்கறதுக்குள்ள அந்த மாடலே பழசாயிருமுங்க” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆளுக்கு ஆள் தனியாகப் பதிவு செய்துகொண்டிருப்பது நடக்கிற காரியமில்லை. சங்கமாகச் சேர்ந்து செய்தால்தான் உண்டு.

கிளம்பும்போது தரையைக் கூட்டி, தூசியை ஒரு டப்பாவில் கொட்டி மூடினார்கள். அரப்பொடி கலந்த அந்த மண்ணையும் அரித்து வெள்ளி எடுப்பவர்கள் உண்டு. வீணாகப் போவது எதுவுமில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடையில் நாம் பேரம் பேசுவது செய்கூலியில். டச் எவ்வளவு, அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்று கேட்பதில்லை. டச் குறைந்தால் செம்புக்கும் சேர்த்து வெள்ளி விலை கொடுக்கிறோம். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ஆனால் 2025 செப்டம்பர் 1 முதல் தனி அடையாள எண்ணோடு ஹால்மார்க் முத்திரை பெறும் வசதி வந்திருக்கிறது. 925, 900, 835, 800 என்று தரத்தைப் பார்த்து வாங்குங்கள், பில்லில் எழுதச் சொல்லுங்கள். கறாராக இருப்பதை எல்லாம் அங்கே காட்டுங்கள். செய்கூலியில் கை வைக்காதீர்கள். அந்தப் பில்லில் அவரும் அவர் மருமகளும் இருக்கிற வரி அது ஒன்றுதான்.