நிறுத்தாத மாத்திரை

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற குமாஸ்தா அவர். அமெரிக்காவில் வளர்ந்த பேத்தி தொலைபேசியில் கேட்டாள்: "தாத்தா, பிரஷர் மாத்திரை?"

"ஐ யூஸ்டு டு டேக் இட் டெய்லி" என்றார் பெருமையாக.

பேத்தி பதறிப்போனாள். "ஏன் நிறுத்தினீங்க?"

அவர் நிறுத்தவேயில்லை. வீட்டுத் தமிழில் 'சாப்பிடுவதுண்டு'. தெரு மலையாளத்தில் 'கழிக்காறுண்டு'. இரண்டுமே இன்றும் தொடரும் பழக்கத்தைச் சொல்பவை. அந்த 'உண்டு'வைத்தான் அவர் 'யூஸ்டு டு' ஆக்கினார். ஆங்கிலத்திலோ அது விட்டுப்போன பழக்கத்துக்கு மட்டுமே. தொடர்வதற்கு வெறும் 'ஐ டேக்' போதும். கேட்பவர் டாக்டராக இருந்தால் மருந்தே மாறியிருக்கும்.

அடுத்த வாரம் பேத்தி கேட்டாள்: "சாயங்காலம் கோயிலுக்குப் போறீங்களா?"

"பாட்டி இருந்தப்போ, ஐ யூஸ்டு டு கோ."

இந்த முறை இலக்கணம் சரியாகவே இருந்தது.