உண்டிவில்லும் திருவொற்றியூர் மருமகனும்

கம்புல பால் ஏறிட்டா எங்க ஊர்ல பகல் தூக்கம் கிடையாது. விடியும்போது கிளிக் கூட்டம் இறங்கும், வெயில் தாழ்ந்தா மயில் வரும். தினமும் பட்டாசு போட்டா கட்டுப்படியாகாது. அதனால பரண்ல நம்ம துணை உண்டிவில்தான். சில ஊர்ல உண்டிக்கோல், கவட்டைன்னும் சொல்வாங்க.

போன லீவுக்கு திருவொற்றியூர்ல இருந்து அக்கா மகன் வந்திருந்தான். பதினொண்ணாம் வகுப்பு. "மாமா, கையால எறிஞ்சா பாதி வயலைத் தாண்டல. இதுல மட்டும் எப்படிப் போவுது? ரெண்டும் என் கை பலம்தானே?"

நியாயமான கேள்வி. எங்க கிணத்து மோட்டார் தண்ணி சன்னமாத்தான் வரும். நேரா வாய்க்கால்ல விட்டா பாதி வழியில மண் குடிச்சிரும். ராத்திரி பூரா தொட்டியில நிரப்பி, காலையில மடையைத் திறந்தா கடைசிப் பாத்தி வரைக்கும் ஓடும். ரப்பரும் அப்படி ஒரு தொட்டி. மெதுவா இழுக்கிற உழைப்பெல்லாம் அதுல சேருது, விட்டதும் ஒரே நொடிப்புல உருண்டைக்குப் போயிருது. அவன் புத்தகத்துல இதுக்குப் பேரு மீட்சி நிலை ஆற்றல், இயக்க ஆற்றலா மாறுதாம்.

பரண்லயே கணக்குப் போட்டான். ஒரு சாண் இழுக்கிறதுக்குப் பதிலா ரெண்டு சாண் இழுத்தா ஆற்றல் நாலு மடங்கு. எனக்கு முதல்ல நம்பிக்கை வரல. இழுத்துப் பாத்தா புரியுது: ரெண்டாவது சாண் ஆரம்பிக்கும்போதே ரப்பர் விறைச்சு நிக்குது. முதல் சாணுக்கு ஒரு பங்கு உழைப்புன்னா, அடுத்த சாணுக்கு மூணு பங்கு. உருண்டையோட வேகம் ரெண்டு மடங்கு. நேரா மேல விட்டா, காத்துத் தடையைக் கழிச்சுட்டா, உயரம் நாலு மடங்கு. ஸ்பிரிங்குக்கு இது கச்சிதம், ரப்பர் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். போட்டதெல்லாம் திரும்பவும் வராது. ரப்பரைச் சட்டுனு இழுத்து உதட்டுல வச்சுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கும். ஓடின லாரி டயர் சூடாகுறதுக்கும் இது ஒரு காரணம்.

டயர்னு சொன்னதும் பையனுக்குப் பெருமை. எம்.ஆர்.எஃப். 1946ல பொம்மை பலூன் செய்ற சின்னக் கொட்டகையா ஆரம்பிச்சது அவங்க திருவொற்றியூர்லதானே!

அவனைக் கூட்டிட்டுப் போக அக்கா வீட்டுக்காரர் வந்தாரு. காசிமேட்டுல விசைப்படகு வேலை. உண்டிவில்லை வாங்கி ரப்பரை மடக்கிப் பாத்தாரு. மடிப்புல மயிரிழை வெடிப்பு. ஒண்ணும் பேசாம கத்தியால அறுத்துப் போட்டுட்டாரு.

பையன் முகம் சுருங்கிருச்சு. அப்புறம் அவர் சொன்னது: விறைச்ச கயிறுக்கு நேரா ஹார்பர்ல யாரும் நிக்க மாட்டாங்க. இரும்பு ரோப்பை விட நைலான் கயிறு ரொம்ப நீளும், அதனால அதுக்குள்ள சேருறதும் அதிகம். அறுந்தா அந்த ஆற்றல் மொத்தமும் கயிறோட முனையிலதான், சாட்டை மாதிரி வந்து எலும்பை முறிச்சிரும். கப்பல் கட்டுற வடத்துல ஆள் செத்தே போயிருக்காங்க. உண்டிவில்ல ரப்பர் கவட்டைப் பக்கம் அறுந்தா, வந்து விழுற இடம் இழுக்கிறவன் கண்ணு. ரெண்டு சாண் இழுத்தவனுக்கு நாலு மடங்கு.

இப்போ வருஷா வருஷம் கம்பு விதைக்கும்போதே பஞ்சர் கடையில பழைய லாரி டியூப் வாங்கி வார் மாத்திடுறேன். கல் கிடையாது, களிமண் உருண்டைதான், அதுவும் வேப்பமரத்துல கட்டின தகரத்தைப் பாத்து. மயில் மேல பட்டா 1972 சட்டப்படி கேஸு, தெரியும்ல. தகரம் அதிர்ந்தா எல்லாம் எழும்பிப் பறந்து பக்கத்து வயல்ல உக்காரும். அங்க பெரியப்பா தகர டப்பாவோட நிக்கிறாரு.