எழுத்துக்குப் பட்டா உண்டா?

“ஏனுங்க வக்கீலம்மா, ஏ, பி, சி, டிக்கு யாராச்சும் பட்டா வாங்கி வெச்சிருக்காங்களாங்க?”

பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர் கேட்டார். கையில் வக்கீல் நோட்டீஸ். அனுப்பியது ஒரு வடநாட்டு பொம்மை நிறுவனம்.

டீச்சர் செய்து விற்றது மரச்சில்லு விளையாட்டு. ஏழு சில்லு எடுக்க வேண்டும். நடத்துகிறவர் ஓர் எழுத்தைச் சொல்வார். அந்த எழுத்து வருகிற சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகள் கட்டத்தில் அடுக்க வேண்டும். ‘எக்ஸ்’ என்றால் ஆக்ஸ், பாக்ஸ், சிக்ஸ். ‘இசட்’ என்றால் ஜூ, ஜிப். ‘க்யூ’ வந்தால்தான் தவிப்பு, அதன் பின்னால் ‘யூ’ வந்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் பழகியிருப்பார்கள். ‘க்யூ, ஐ’ என்று இரண்டே எழுத்தில், சீனத்திலிருந்து வந்து ஆங்கில அகராதியில் ஏறிய சொல் ஒன்று இருப்பதை டீச்சர் சொல்லிக் கொடுப்பார். கட்டுரை எழுதச் சொன்னால் மிரள்கிற பிள்ளைகூட மூன்றெழுத்துச் சொல்லுக்குக் கை தூக்கும் என்றார். அதை நான் நம்புகிறேன்.

கொழுந்தனார் பட்டறையில் சில்லு அறுத்து, கோவைப் புத்தகக் கடைகளில் பெட்டிகளை வைத்திருந்தார். கட்டப் பலகை, எழுத்துக்கான மதிப்பெண், விதிமுறை எல்லாம் தங்கள் பதிப்புரிமை, பெயரும் தங்கள் வணிகக்குறியைப் போலவே இருக்கிறது என்றது நோட்டீஸ். கடைகளுக்கும் நகல் போயிருந்தது. கடைக்காரர்கள் பயந்துபோய்ப் பெட்டிகளைத் திருப்பிவிட்டார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவும் வணிகக்குறிச் சட்டத்தின் 134ஆம் பிரிவும், உரிமைதாரர் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போட இடம் தருகின்றன. பென்ஷனில் வாழ்கிறவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயிலேறுவது நடக்கிற காரியமா? எனவே நம்மைக் கேட்காமல் இடைக்காலத் தடை வாங்கிவிடக் கூடாதென்று இங்கும் அவர்கள் ஊரிலும் முதலில் கேவியட் போட்டு வைத்தோம்.

பதிலுக்கு நான் நம்பியது டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2008 செப்டம்பர் 17 உத்தரவை. கொல்கத்தா சகோதரர்கள் ரஜத் அகர்வாலா, ஜெயந்த் அகர்வாலா ‘ஸ்கிராபுலஸ்’ என்ற சொல் விளையாட்டை இணையத்தில் நடத்தினார்கள். ஃபேஸ்புக்கில் அது பெரும் புகழ் பெற்றது. அதற்கு முன்பே இருந்த ‘ஸ்கிராபிள்’ என்ற சொல் விளையாட்டின் உரிமை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாஸ்ப்ரோ நிறுவனத்திடம், மற்ற நாடுகளில் மேட்டல் நிறுவனத்திடம். மேட்டல் டெல்லியில் வழக்குப் போட்டது. நீதிபதி எஸ். ரவீந்திர பட் இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகப் பிரித்தார். பலகைக்கும் விதிகளுக்கும் கேட்ட பதிப்புரிமையை அந்த இடைக்கால கட்டத்தில் ஏற்கவில்லை. விளையாட்டின் எண்ணமும் அதைச் சொல்லக்கூடிய வழியும் பிரிக்க முடியாமல் ஒன்றாகிவிட்டால், வழிக்கு உரிமை கொடுப்பது எண்ணத்தையே ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததாகிவிடும். பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவும் குறுக்கே நின்றது. வடிவமைப்பாகப் பதியத் தக்க ஒன்றைப் பதியாமல், தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உருவாக்கினால் அதன் பதிப்புரிமை போய்விடும். ஆனால் பெயர் விஷயத்தில் மேட்டலுக்கே வெற்றி. ‘ஸ்கிராபுலஸ்’ என்ற பெயரைப் பயன்படுத்தத் தடை விழுந்தது. சகோதரர்களின் விளையாட்டு பின்னர் ‘லெக்ஸுலஸ்’ என்ற பெயரில் தொடர்ந்தது.

மதிப்பெண் விஷயத்தில் எங்களிடம் இன்னும் வலுவான சாட்சி இருந்தது. ஸ்கிராபிளை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று 1930களில் நாளிதழ்ப் பக்கங்களில் எண்ணித்தான் தன் கணக்கைப் போட்டார். அடிக்கடி வரும் ‘ஈ’க்கு ஒரு புள்ளி, அரிதான ‘க்யூ’வுக்கும் ‘இசட்’டுக்கும் பத்து. டீச்சரும் எண்ணியிருந்தார், தொடக்கப்பள்ளி ஆங்கிலப் பாடநூல்களிலிருந்து. பழுப்பேறிய நோட்டுகளில் பக்கம் பக்கமாகக் கோடு கிழித்து, தேதி போட்டு எழுதியிருந்தார். அவருடைய புள்ளிப் பட்டியல் நோட்டீஸ் கொடுத்தவர்களுடையதோடு பல எழுத்துகளில் ஒத்துப்போகவில்லை. நகல் எடுத்தவர் கையில் இப்படியொரு நோட்டு இருக்காது. மற்ற வாதங்கள் எல்லாம் எனக்கு இதற்கு அடுத்தவைதான்.

பெயர் விஷயத்தில் டீச்சரிடம் நேராகவே சொன்னேன்: “பேரை விட்டுருங்க டீச்சர். அது நிக்காது.” முதல் பாதி அப்படியே அவர்களுடையது போலத்தான் ஒலித்தது. அவருக்கு வருத்தம், பேத்தி வைத்த பெயராம். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

பதில் நோட்டீஸில் பெயரை மாற்றுகிறோம் என்றோம். பலகை, மதிப்பெண், விதி எதையும் விட மாட்டோம் என்றோம். ஆதாரமில்லாமல் மிரட்டினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் நாங்களே வழக்குப் போட்டு நஷ்டஈடும் கேட்போம் என்றும் எழுதி, நோட்டுப் பக்கங்களின் நகலை இணைத்தோம். பெயர் மாற்றத்தை ஏற்று மற்ற கோரிக்கைகளைக் கைவிடுவதாகக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைக் காட்டியதும் கடைகள் பெட்டிகளை மறுபடி வாங்கி வைத்தன.

கொங்குப் பக்கம் பட்டறையிலும் வீட்டிலும் இப்படிப் பொருள் செய்கிறவர்கள் ஏராளம். நோட்டீஸ் வந்ததும் கடையைச் சாத்திவிடாதீர்கள். வரைந்த தாள், எண்ணிய நோட்டு, முதல் பில் எல்லாவற்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பெயரை மட்டும் விற்பனைக்கு முன்பே தேடிப் பார்த்துப் பதிந்துவிடுங்கள். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகைக்குக் கட்டணம் 4,500 ரூபாய்.