சொல் ஒலியாத இடத்திலும்

மார்கழி வைகறையில் திருக்கோயில் மண்டபத்தில் நாகஸ்வரம் முழங்குகிறது. பாடுவார் எவருமில்லை. ஆயினும், தூணோரம் அமர்ந்திருக்கும் மூதாட்டியின் உதடுகள் ‘வாதாபி கணபதிம்’ என்று அசைகின்றன. ஹம்ஸத்வனி ராகத்தில் முத்துசுவாமி தீட்சிதர் அருளிய அக்கிருதியை அவர் அறுபது ஆண்டுகள் பூஜையறையில் நாள்தோறும் பாடி வந்தவர். தொண்டையில் நிகழ்ந்த அறுவை சிகிச்சைக்குப் பின் குரல் எழவில்லை. நாமத்தைச் சொல்லாத வழிபாடும் வழிபாடாகுமா என்பதே அவரை வாட்டிய துயரம்.

பரணில் உறையிட்டுக் கிடந்தது, இளமையில் பயின்ற வீணை. ஒரு வெள்ளிக்கிழமை அதனை இறக்கித் துடைத்து, தந்திகளை மாற்றச் செய்து, விளக்கின் முன் அமர்ந்தார். முதலில் விரல்கள் வெறும் ஸ்வரங்களையே தேடின. ராகம் கேட்டது, பாட்டு கேட்கவில்லை. அப்போதுதான், பாடத் தெரியாத கிருதியை மீட்டலாகாது என்று அந்நாளில் ஆசிரியர் விதித்திருந்த கட்டுப்பாடு நினைவில் எழுந்தது.

வீணையில் வலக்கை விரல்கள் சாஹித்யத்தின் எழுத்துகளைப் பின்பற்றியே மீட்டுகின்றன. எழுத்து நீளுமிடத்தில் மீண்டும் மீட்டாமல், இடக்கை தந்தியை இழுத்தும் அசைத்தும் கமகத்தை நிரப்புகிறது. சொற்கள் நெருங்கி வரும் மத்தியம காலத்தில் மீட்டும் நெருங்குகிறது. நாகஸ்வரத்தில் இப்பணியை நாவின் துத்துகாரம் செய்கிறது. வயலினில் வில்லின் போக்கு செய்கிறது. ஆகவே, சொல்லை உள்ளத்தில் உச்சரியாத கலைஞரின் வாசிப்பு, ராகமாக இனிக்கலாம். கிருதியாக நிறைவு பெறாது. தீட்சிதரே சிறந்த வைணிகர் என்பதும், அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேலைநாட்டு வயலினை நம் இசைக்கு உரியதாக்கியவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை.

மூதாட்டி மனத்துள் பாடிக்கொண்டே மீட்டத் தொடங்கினார். சில வாரங்களில், அடுத்த அறையில் இருந்த கணவர் தம்மையறியாமல் அச்சொற்களை முணுமுணுத்தார். கேட்ட மூதாட்டியின் கண்கள் பனித்தன. தாம் வாய்திறந்து சொல்ல இயலாத நாமம், தம் விரல்வழியே இன்னொருவர் நாவில் ஏறியிருந்தது.

திருக்கோயிலில் நாகஸ்வரம் ஓய்ந்து, தீபாராதனை மணி ஒலிக்கிறது. மூதாட்டி கைகூப்பி எழுகிறார். இன்று அவர் முகத்தில் அந்தப் பழைய வாட்டம் இல்லை.