வைரம் வாங்கிக் கொடுத்த மாளிகை

இங்கிலாந்து மாளிகைகளைப் பற்றிப் படிக்கும்போது எனக்குத் தூண்களிலும் தோட்டங்களிலும் மனம் நிற்பதில்லை. யார் யாருக்கு விற்றார், வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்றுதான் தேடுவேன். பரம்பரைச் சொத்து என்று பெருமை பேசும் பல வீடுகள் கைமாறிக் கைமாறி வந்தவை என்பது அப்போது தெரியும்.

பெர்க்‌ஷரில், ரெடிங் நகருக்குத் தெற்கே ஸ்வாலோஃபீல்டு பார்க் என்றொரு மாளிகை இருக்கிறது. அதன் உரிமையாளர்களைப் பற்றியே லேடி ரஸ்ஸல் 1901இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அவர் அந்த வீட்டு மருமகள். இன்றைய மாளிகையை 1689–91இல் கட்டடக்கலைஞர் வில்லியம் டால்மனைக் கொண்டு கட்டியவர் இரண்டாம் கிளாரண்டன் பிரபு. நிலம் மனைவி வழியில் வந்தது. பிரபுவானாலும் ஒரு வகையில் வீட்டோடு மாப்பிள்ளைதான். வேலை நடந்துகொண்டிருந்தபோதே, புதிய அரசருக்கு எதிராகச் சதி செய்ததாகச் சந்தேகிக்கப்பட்டு லண்டன் டவரில் சிறையிருந்தார்.

அடுத்து வந்தவர் நமக்குத் தெரிந்த ஆள். 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட். நுங்கம்பாக்கமும் வியாசர்பாடியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது இவர் காலத்தில்தான். கோட்டையில் இருந்தபோது ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் நீண்ட பேரம் பேசி, 410 காரட் எடையுள்ள பட்டைதீட்டாத வைரம் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்துக் கல். சுரங்கத்து அடிமை ஒருவன் தன் காலைக் கிழித்துப் புண்ணுக்குள் மறைத்துக் கொண்டுவந்தான், ஒரு கப்பல்காரன் அவனைக் கொன்று பறித்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. நேர்மையாக வாங்கியதுதான் என்று பிட் எழுதியே வைக்க வேண்டியிருந்தது. 1717இல் பிரான்சில் அரசருக்குப் பதிலாக ஆண்ட ரீஜண்ட் அதை வாங்கிக்கொண்டார். இன்று அது பாரிஸ் லூவரில் இருக்கிறது. விற்ற பணத்தில் பிட் வாங்கிய சொத்துகளில் ஒன்று ஸ்வாலோஃபீல்டு. 1726இல் இறந்தார். பேரன் பிரதமரானாலும், வீட்டைக் குடும்பம் அதிக நாள் வைத்துக்கொள்ளவில்லை.

இடையில் வந்தவர்களை விட்டுவிடலாம். 1820இல் வாங்கியவர் சர் ஹென்றி ரஸ்ஸல், வங்காளத்தின் முன்னாள் தலைமை நீதிபதி. அதே பெயர் கொண்ட மகன் ஹைதராபாத்தில் ரெசிடெண்ட், அதாவது கம்பெனியின் பிரதிநிதி. ஊழல் புகார்களுக்கு நடுவே அதே 1820இல் பதவியை விட்டார். வைரம் விளைந்த சீமையின் பணம் இரண்டாம் முறையாக அதே வீட்டுக்குள் நுழைந்தது.

பணத்தோடு ஓர் ஓவியமும் வந்தது. 1805இல் சென்னையில் ஓவியர் சின்னரி தீட்டியது. ஹைதராபாத்தில் முன்பு ரெசிடெண்டாக இருந்த கர்க்பாட்ரிக்குக்கும் அவர் மனைவி கைருன்னிஸாவுக்கும் பிறந்த இரண்டு குழந்தைகள், இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்படும் முன் நிற்கும் படம். அவர்கள் போன சில வாரங்களில் தந்தை இறந்தார். தாய் அவர்களை மறுபடி பார்க்கவேயில்லை. கர்க்பாட்ரிக்கின் உதவியாளராக இருந்த இளைய ரஸ்ஸல் அவளோடு சில காலம் வாழ்ந்தார், பிறகு மசூலிப்பட்டினத்தில் விட்டுவிட்டுச் சென்னையில் வேறொருத்தியை மணந்தார். படம் மட்டும் அவரிடம் தங்கியது. பல ஆண்டுகள் கழித்து அந்த மாளிகைக்கு வந்த கிட்டி, அந்தக் குழந்தைகளில் ஒருத்தி, தன் குழந்தை முகத்தைச் சுவரில் கண்டு அழுதாள். ரஸ்ஸல் உயிலில் படத்தை அவளுக்கு எழுதிவைத்தார். இத்தனை செய்தவர் அதையாவது செய்தாரே!

இருபதாம் நூற்றாண்டில் மரணவரியும் வேலையாள் பஞ்சமும் நூற்றுக்கணக்கான மாளிகைகளை இடிக்கவைத்தன. ஸ்வாலோஃபீல்டு தப்பியது, முதியவர்கள் வாடகைக்கு வாழும் குடியிருப்பாக மாறியதால். அதை நடத்திய சங்கம் மூடப்பட்டபின் ஃபிளாட்டுகளாக விலைக்குப் போனது. கம்பீரம் போயிற்று என்று வருந்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பது போதும்.

உரிமையாளர்களின் வரலாற்றை இனி யாராவது மறுபடி எழுதினால், ஜாம்சந்துக்கும் கைருன்னிஸாவுக்கும் ஆளுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கட்டும்.